பேராயருக்காகப் பரிந்து பேசிய ஊரார்: 1641-42ஆம் ஆண்டுகளின் ஆங்கில விண்ணப்பங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

திருச்சபை வரலாற்றைக் கற்கும் நாம் பெரும்பாலும் பெரியோரின் ஏடுகளைக் கொண்டே ஒரு காலத்தை அறிந்து கொள்கிறோம். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பேராயர் ஆட்சியைப் பற்றி எழுந்த பெரும் வழக்கும் அவ்வாறே நமக்கு அறிமுகமாகியுள்ளது. ஒரு பக்கம் தலைமைப் பேராயர் வில்லியம் லாட், எக்ஸிட்டர் பேராயர் ஜோசப் ஹால். மறு பக்கம் ஸ்மெக்டிம்னூவஸ் என்னும் புனைபெயரில் கூடி எழுதிய ஐந்து குருமார், அவர்களுக்குத் துணை நின்ற மில்டன். இவர்களுடைய வாதங்களை வரிசைப்படுத்தித் தேர்வுத் தாளில் எழுதிவிட்டால் வழக்கு முடிந்ததென்று எண்ணிவிடுகிறோம். ஆனால் கோயிலின் பின்வரிசையில் அமர்ந்திருந்தவன் என்ன நினைத்தான்? தன் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்த முறையும், தன் தந்தையை அடக்கம் பண்ணிய முறையும் இனி இல்லை என்று கேள்விப்பட்டபோது அவன் என்ன சொன்னான்? இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது நம் கைக்கு வருவன, 1641, 1642ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்து அரசருக்கும் பாராளுமன்றத்தின் இரு சபைகளுக்கும் அனுப்பப்பட்ட விண்ணப்பங்களே.

அவற்றுள் பல 1642ஆம் ஆண்டில் ஒரே தொகுப்பாக அச்சேறின. பேராயர் ஆட்சி, வழிபாட்டு முறை, திருச்சபையின் வருவாய் ஆகியவற்றைக் காக்கவும் பிரிவினைக்காரரை அடக்கவும் வேண்டி எழுதப்பட்ட விண்ணப்பங்கள் இவை என்று அதன் நீண்ட தலைப்பே அறிவிக்கிறது. மனம் சோர்ந்திருந்த குருமாருக்கும், நிதானமுள்ள புராட்டஸ்டண்ட் மக்களுக்கும் ஆறுதலாக இது வெளியிடப்படுகிறது என்றும் அத்தலைப்பு சொல்கிறது. தொகுத்தவர் தம் பெயரைச் சொல்லாமல், திருச்சபையின் உண்மை அன்பர் என்று மட்டுமே தம்மைக் குறிக்கிறார். அவர் செஷயர் மாவட்டத்துப் பெருநிலக்கிழார் சர் தாமஸ் ஆஸ்டன் என்பது அறிஞர் கொள்கை. இத்தொகுப்பை வெறும் அரசியல் ஆவணமாகப் பார்க்காமல், பொதுநிலையினர் எழுதிய ஒரு திருச்சபையியல் நூலாக வாசித்து அதன் நிறைகுறைகளை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. விண்ணப்பங்கள் பிறந்த சூழல்

சூழலைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். பதினோரு ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமல் ஆண்ட முதலாம் சார்லஸ், ஸ்காட்லாந்துப் போரின் செலவு தாங்காமல் 1640இல் அதைக் கூட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பதினோரு ஆண்டுகளில் லாட் திருவிருந்து மேசையைக் கிழக்குச் சுவரோரம் தள்ளிக் கிராதியிட்டுப் பலிபீடம் போலாக்கியதும், இணங்காத குருமாரைத் தண்டித்ததும் மக்கள் உள்ளத்தில் ஆழ்ந்த கசப்பை உண்டாக்கியிருந்தன. 1637இல் பேராயரை எதிர்த்து எழுதிய வழக்கறிஞர் பிரின், மருத்துவர் பாஸ்ட்விக், குரு பர்ட்டன் ஆகிய மூவரின் காதுகள் பொது இடத்தில் அறுக்கப்பட்டன. 1640ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டங்களோ, பேராயர் முதலானோரின் ஆட்சியை என்றும் மாற்ற ஒப்புவதில்லை என்று குருமார் சத்தியம் செய்ய வேண்டுமெனக் கட்டளையிட்டன. அச்சத்தியத்தின் வாசகத்தில் பதவிகளின் வரிசை ‘முதலியோர்’ என்ற சொல்லோடு முடிந்தது. எதைக் காப்பதாக ஆணையிடுகிறோம் என்றே தெரியாமல் ஆணையிடுவதா என்று நாடே நகைத்தது.

1640 டிசம்பர் 11ஆம் நாள் லண்டன் நகர மக்கள் ஏறத்தாழ 15,000 பேரின் பெயரால் ஒரு விண்ணப்பம் மக்கள் சபையில் வைக்கப்பட்டது. பேராயர் ஆட்சியை வேரோடும் கிளையோடும் அகற்ற வேண்டும் என்று அது கேட்டது. ஒரு வாரத்திற்குள் லாட் மீது குற்றச்சாட்டு எழுந்தது. மற்ற மாவட்டங்களிலிருந்தும் அதே வேண்டுகோள் வரத் தொடங்கிற்று. இதற்கு மறுமொழியாகத்தான் பேராயருக்குப் பரிந்த விண்ணப்பங்கள் எழுந்தன. இங்கிலாந்தின் நாற்பது மாவட்டங்களுள் 20க்கும் மேற்பட்டவை அடுத்த ஓராண்டு ஒன்றரையாண்டுக்குள் இவ்வாறு பேசியிருக்கின்றன. இதனை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாடு முழுவதும் ஒருமனமாய்ப் பேராயரை வெறுத்தது என்று பாடநூல்கள் சில தரும் சித்திரத்திற்கு இவ்வெண்ணிக்கையே ஒரு மறுப்பாகும்.

2. செஷயர் விண்ணப்பத்தின் வாதம்

இவ்வகையில் முன்னோடியும் தலைசிறந்ததும் 1641 பிப்ரவரி இறுதியில் ஆஸ்டன் பிரபுக்கள் சபையில் அளித்த செஷயர் விண்ணப்பமே. அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குவது பயன்தரும். அது பாராளுமன்றத்தைப் பழிக்கவில்லை. நன்றி சொல்லித் தொடங்குகிறது. நாட்டின் சுமைகளைப் பாராளுமன்றம் நீக்குகிறது என்ற மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிட்டு, அதே மூச்சில், ஒரு சிலரின் தன்விருப்ப ஆட்சியிலிருந்து விடுவிக்கப்பட்ட எங்களைப் பலரின் தன்விருப்ப ஆட்சிக்கு ஒப்புக்கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்கிறது. 26 பேராயருக்குப் பதிலாக, குருமாரும் ஆளும் மூப்பருமாக ஏறத்தாழ 40,000 ஆளுநர் எங்கள்மேல் எழும்புவர் என்பது அதன் கணக்கு. இந்த எண்ணைத் தணிக்கையாளர் ஒப்புவரோ என்பது வேறு. ஆயினும் வாதத்தின் கூர்மையை மறுக்க இயலாது. ஆஸ்டன் லாடின் ஆட்சியை நியாயப்படுத்தவில்லை. அதனால் புண்பட்டவனின் வாயிலிருந்தே பேராயர் ஆட்சிக்கு ஆதரவு தேடுகிறார்.

அடுத்து வருவது வரலாற்று வாதம். பேராயர் திருத்தூதர் காலத்திலேயே ஏற்பட்டனர். முதற் பொதுச் சங்கங்களில் ஒளிவிளக்குகளாயிருந்தனர். புறச்சமய மன்னரின் துன்புறுத்தலில் தங்கள் இரத்தத்தால் விசுவாசத்தைக் காத்தனர். ரோமாபுரியின் கறைகளிலிருந்து நற்செய்தியை மீட்டதும் பேராயரே என்று அது அடுக்குகிறது. இந்த இறுதிப் படியே இதன் உயிர்நாடி. கிரான்மர், ரிட்லி, லாட்டிமர், ஹூப்பர் ஆகியோர் மேரி அரசியின் காலத்தில் தீயில் மாண்டவர்கள். அவர்கள் எல்லோரும் பேராயராயிருந்தவர்கள். ஆகவே பேராயர் பதவி பாப்புவின் எச்சம் என்று சொல்வோருக்கு, பாப்புவை எதிர்த்து எரிந்தவர் யார் என்று கேட்டாலே போதுமானதாயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, சொல்லப்படாமல் விடப்பட்டதை. பேராயர் பதவி இறைவனின் நேர்க் கட்டளை என்று ஹால் போன்றோர் எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில், இவ்விண்ணப்பம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. தொன்மை, பயன், சான்றோர் வாழ்வு ஆகிய மூன்றின்மேலே அது நிற்கிறது. அவ்வாறே தவறு செய்த பேராயரைக் காக்கவும் அது முயலவில்லை. மனிதர் வேறு, பதவி வேறு என்ற வேறுபாடு மற்ற மாவட்டங்களின் விண்ணப்பங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது: குற்றம் கண்டால் ஆளைத் தண்டியுங்கள், பதவியைத் தண்டியாதேயுங்கள் என்பதே அவற்றின் பொதுச் சாரம். லாட் சிறையிலிருந்தபோது அவருக்காக இவ்விண்ணப்பங்கள் ஒரு சொல்லும் பரிந்து பேசவில்லை என்பதே, இவை லாடின் கட்சியாரின் வேலையென்று சொல்வோர்க்கு ஏற்ற விடை.

3. ஜெபப் புத்தகத்தின் மேல் வைத்த அன்பு

1641ஆம் ஆண்டு முதிர முதிர விண்ணப்பங்களின் தொனி மாறுகிறது. பேராயரைப் பற்றிய பேச்சுக்கு நிகராக, சில இடங்களில் அதைவிட மேலாக, பொது ஜெபப் புத்தகத்தைப் பற்றிய பேச்சு ஓங்குகிறது. அவ்வாண்டின் இறுதியில் செஷயரே இரண்டாம் முறை விண்ணப்பம் செய்தது. அது முதன்மையாக வழிபாட்டு முறைக்காகவே. சாமர்செட் மாவட்டம் 14,000க்கும் மேற்பட்டோரின் பெயரால் பேசிற்று. ஹண்டிங்டன்ஷயர் விண்ணப்பமும் ஜெபப் புத்தகத்தை உயர்த்திப் பேசிற்று.

காரணம் தெளிவு. பேராயரைத் தன் வாழ்நாளில் ஒரு முறையேனும் கண்ணால் கண்ட உழவன் எத்தனை பேர்? திடப்படுத்தலுக்காக அவர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆனால் ஜெபப் புத்தகம் ஒவ்வொரு ஞாயிறும் அவன் செவியில் ஒலித்தது. பொதுப் பாவ அறிக்கையை அவன் வாய் சொல்லிற்று. எழுத்தறியாதவனும் மனப்பாடமாக மறுமொழி கூறினான். பிரசங்கியார் திறமையுள்ளவரோ இல்லாதவரோ, அந்தச் சொற்கள் மாறவில்லை. லண்டனிலும் பிற இடங்களிலும் சிலர் குருவின் கையிலிருந்து புத்தகத்தைப் பறித்துக் கிழித்ததும், 1641 செப்டம்பரில் மக்கள் சபை கிராதிகளையும் உருவங்களையும் அகற்ற ஆணையிட்டதும், தன் வீட்டுச் சுவரில் ஒருவன் கை வைத்ததுபோல அவனைத் தாக்கின. இவ்விண்ணப்பங்களின் உரைநடை இப்பகுதிகளிலேதான் உயிர்பெறுகிறது. பேராயரைப் பற்றிச் சொல்லும்போது வரலாறு பேசுகிறது. ஜெபத்தைப் பற்றிச் சொல்லும்போது மனிதர் பேசுகிறார்கள்.

இத்துறையில் ஜூடித் மால்ட்பி 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலை நம் மாணவர் தவறாது கற்க வேண்டும். இணங்காதவரைப் பற்றி நூல்கள் மலிந்திருக்க, இணங்கி வாழ்ந்தோரைப் பற்றி எழுதுவாரில்லை என்ற குறையை அவர் சுட்டினார். இணங்கினவர் எல்லாரும் சோம்பேறிகள், அல்லது உள்ளூரப் பழைய ரோமச் சமயத்தினர் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். சீர்திருத்த விசுவாசத்தை ஜெபப் புத்தகத்தின் வழியாகவே உளமாரப் பெற்றுக்கொண்ட ஒரு மக்கள் கூட்டம் இருந்தது என்பதே அவர் கண்ட உண்மை. இதற்கு அவர் பெரிதும் நம்பிய சான்று நாம் பேசும் இவ்விண்ணப்பங்களே.

4. இது யாருடைய குரல்?

இங்கேதான் திறனாய்வாளன் நின்று யோசிக்க வேண்டும். செஷயர் விண்ணப்பத்தின் கையொப்பப் பட்டியல் எவ்வாறு அறிவிக்கப்படுகிறது என்று பாருங்கள். பிரபுக்கள் 4 பேர். நைட்டுகளும் எஸ்குயர்களும் 80க்கு மேல். குருமார் 70 பேர். கனவான்கள் 300க்கு மேல். நிலவுரிமையாளரும் பிற குடிகளும் 6,000க்கு மேல். மேலிருந்து கீழாக இறங்கும் இவ்வரிசையே ஒரு வாதம். இது ஒழுங்குள்ள ஒரு மாவட்டத்தின் குரல், கலகக் கும்பலின் கூச்சலன்று என்று எண்களே சொல்ல வேண்டும் என்பது ஆஸ்டனின் எண்ணம். ஆனால் இதற்கு மறுப்பாகச் செஷயரின் பெயராலேயே பேராயரை எதிர்த்து இன்னொரு விண்ணப்பம் அச்சில் வந்தபோது, அதிலும் இதே வரிசை காணப்பட்டது. எண்கள் மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பாயிருந்தன! ஒருவர் கணக்கை மற்றவர் இரட்டித்துக் காட்டும் இப்போட்டியைக் காணும்போது நகைப்பும் துயரமும் ஒருங்கே எழுகின்றன. மாவட்டத்தின் பெயரால் பேச ஆஸ்டனுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியும் செஷயர்ப் பெருமக்களிடையே எழுந்தது. 1640இன் முற்பகுதியில் கூடிக் கலைந்த பாராளுமன்றத்தில் அவர் செஷயரின் உறுப்பினராயிருந்தார். இப்போது கூடியிருந்த பாராளுமன்றத்தில் அவர் இல்லை. அவருடைய எதிரியாக விளங்கிய சர் வில்லியம் பிரெரட்டன் இருந்தார் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆகவே பீட்டர் லேக் போன்ற வரலாற்றாசிரியர், இவ்விண்ணப்பங்களைச் சபை மக்களின் கள்ளங்கபடற்ற உள்ளக் கிடக்கை என்று கொள்ளாமல், மாவட்ட அரசியலில் வகுக்கப்பட்ட உத்திகளாகவும் படிக்க வேண்டும் என்று எச்சரித்துள்ளனர். சொற்களை வடித்தவர் நிலக்கிழாரும் குருமாரும். ஊரார் அதன்கீழ்ப் பெயரிட்டனர். ஏடுகள் ஊர் ஊராகச் சென்றன, எழுத்தறியாதவர் குறியிட்டனர், சில இடங்களில் ஒரே கையெழுத்தில் பல பெயர்கள் தொடர்கின்றன. நிலக்கிழாரின் முன்னிலையில் நீட்டப்பட்ட தாளை மறுக்கக் குத்தகைக்காரனால் எந்த அளவுக்கு முடிந்திருக்கும்?

ஆயினும் இந்த ஐயத்தை எல்லை கடந்து கொண்டுபோகலாகாது. செஷயரின் கையொப்பத் தாள்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. மால்ட்பி அவற்றிலுள்ள பெயர்களைச் சில ஊர்ச்சபைகளின் பதிவேடுகளோடும் வரிக்கணக்குகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். செல்வர் மட்டுமன்றி, வரி செலுத்தும் வசதியற்ற ஏழைகளும் ஒப்பமிட்டிருந்தனர். சர்ச் வார்டன்களாகப் பணிபுரிந்தவர் பலர் அதில் இருந்தனர். அதாவது, கோயிலின் கூரையையும் மணியையும் திருவிருந்துக் கிண்ணத்தையும் காத்துவந்த அதே கைகளே ஒப்பமிட்டன. எதிர்த் தரப்பின் விண்ணப்பங்களும் இதே வழியில்தான் திரட்டப்பட்டன என்பதையும் மறத்தலாகாது. தூய்மைவாதியின் கையொப்பம் மனச்சாட்சியின் சாட்சி, ஜெபப் புத்தகத்தாரின் கையொப்பம் மட்டும் நிலக்கிழாரின் கட்டாயம் என்று கொள்வது நேர்மையான அளவுகோல் அன்று. சொற்கள் மேலிருந்து வந்தன. ஆனால் ஏற்கெனவே கீழே இருந்த ஓர் அன்பை அவை தொட்டதால்தான் ஏற்கப்பட்டன. இதுவே நம் முடிவு.

கென்ட் மாவட்டத்தின் கதை இதற்கு ஒரு விளக்கம். 1641 ஜனவரியில் பேராயரை எதிர்த்துக் கென்ட் மக்கள் எழுதிய விண்ணப்பத்தை மக்கள் சபையில் வைத்தவர் சர் எட்வர்ட் டெரிங். அவ்வாண்டு மே மாதம் பேராயர் ஆட்சியை வேரறுக்கும் மசோதாவை முன்வைத்தவரும் அவரே. ஆனால் ஆண்டு முடிவதற்குள் அவர் மனம் மாறினார். தம் உரைகளை அச்சிட்டதற்காக 1642 பிப்ரவரியில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் நூல் எரிக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் மெய்ட்ஸ்டன் நீதிமன்ற அமர்வின்போது பேராயருக்கும் வழிபாட்டு முறைக்கும் ஆதரவான கென்ட் விண்ணப்பத்தை உருவாக்கியோருள் அவரே முன்னின்றார். அதை ஏப்ரல் இறுதியில் பாராளுமன்றத்திற்குக் கொண்டுபோன கவிஞர் ரிச்சர்ட் லவ்லேஸ் சிறைப்பட்டார். ஒரே மனிதர், ஒரே மாவட்டம், 14 மாத இடைவெளி! டெரிங்கைச் சந்தர்ப்பவாதி என்று எள்ளுவது எளிது. ஆனால் பேராயரின் கொடுமையை வெறுத்து, பின்பு அதற்குப் பதிலாக வருவதைக் கண்டு அஞ்சிய பல்லாயிரம் பேரின் உள்ளம் அவருடைய தடுமாற்றத்தில் தெரிகிறது என்பதே பொருத்தமான தீர்ப்பு.

மற்றொன்றும் இங்குச் சொல்லத்தக்கது. இலண்டன் விண்ணப்பத்தை ஆர்வத்தோடு வரவேற்ற அதே மக்கள் சபை, கென்ட் விண்ணப்பத்தைக் கொணர்ந்தவரைச் சிறையிலிட்டது. மக்களின் குரலைக் கேட்கிறோம் என்போர், தமக்கு உவப்பான குரலை மட்டுமே கேட்க விரும்பினர். இக்குற்றம் எந்தக் கட்சிக்கும் தனியுரிமையன்று.

5. விண்ணப்பங்களின் குறைகள்

இதுகாறும் இவற்றின் நிறைகளையே மிகுதியும் கண்டோம். இனிக் குறைகளை மறைக்காமல் சொல்வது நம் கடமை.

முதலாவது குறை, துன்புற்றோரைப் பற்றிய மௌனம். குற்றம் செய்தவனைத் தண்டியுங்கள் என்று பொதுவாகச் சொல்வது எளிது. பணி பறிக்கப்பட்ட குருவின் மனைவி மக்கள், காதறுபட்ட மூவர், புதிய இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஆயிரக்கணக்கானோர் இவர்களைப் பற்றி இத்தொகுப்பில் உண்மையான வருத்தம் இல்லை. ஒழுங்கை நேசித்தவர்கள், அவ்வொழுங்கின் பெயரால் நசுக்கப்பட்டவர்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பதவி வேறு, ஆள் வேறு என்ற வாதம் இங்கே தன் வலுவை இழக்கிறது. ஏனெனில் ஆட்களின் தவறைத் திருத்தும் வழி அப்பதவியின் அமைப்புக்குள்ளேயே இல்லை என்பதுதான் எதிர்த் தரப்பின் முறையீடு. அதற்கு விண்ணப்பங்கள் விடையளிக்கவில்லை.

இரண்டாவது, நற்செய்தியின் ஒழுங்கையும் சமூகத்தின் ஏற்றத்தாழ்வையும் ஒன்றெனக் குழப்பியமை. 40,000 ஆளுநர் என்ற அச்சத்தின் அடியில் இன்னோர் அச்சம் ஒளிந்திருந்தது: ஊர்ச் செருப்புத் தைப்பவனும் நெசவாளனும் மூப்பனாகி, நிலக்கிழாரின் நடத்தையை விசாரிக்கத் தொடங்கினால் என்ன ஆவது? 1641இல் ஆஸ்டன் பிரஸ்பிட்டேரிய முறையைக் கண்டித்து வெளியிட்ட நூலில் இது மறைவின்றி வெளிப்படுகிறது. திருச்சபையில் சமத்துவம் வந்தால் நாட்டிலும் சமத்துவம் வரும் என்பதே அவருடைய பெரும் பயம். ஆளுகையைப் பற்றி ஆண்டவர் தம் சீடருக்குச் சொன்னதை அறிந்த நாம், இவ்வச்சத்தை இறையியல் என்று ஏற்க இயலாது. அதே வேளையில், குருவும் மூப்பரும் சேர்ந்து ஊராரைச் சபைநீக்கம் செய்யும் அதிகாரம் எந்த மேல்முறையீடும் இல்லாமல் தவறாகப் பயன்படலாம் என்று அவர் சுட்டிய அபாயம் கற்பனையும் அன்று. தன்னலத்திலிருந்து பிறந்த வாதத்திலும் ஒரு துளி உண்மை இருக்கக்கூடும். அதைப் பிரித்தெடுப்பதே திறனாய்வின் வேலை.

மூன்றாவது, தலைப்பிலேயே காணப்படும் பிரிவினைக்காரரை அடக்குதல் என்ற வேண்டுகோள். தமக்குச் சகிப்பைக் கேட்டவர்கள் பிறருக்கு அதை மறுத்தனர். பேராயரும் ஜெபப் புத்தகமும் ஆபத்தில் இருந்த நாளிலும், தனியே கூடி ஜெபிப்பவரைக் காவலரிடம் ஒப்புவிக்க வேண்டும் என்று கேட்க இவர்களுக்கு மனம் வந்தது. அந்த நூற்றாண்டில் எதிர்த் தரப்பினரும் பெரும்பாலும் அவ்வாறே எண்ணினர் என்பது விளக்கமாகலாம், நியாயமாகாது.

6. இரு தரப்பும் கேளாத ஒரு குரல்

1641இல் அயர்லாந்தின் அர்மாக் தலைமைப் பேராயர் ஜேம்ஸ் அஷ்ஷர் ஒரு சமரசத் திட்டத்தை வகுத்தார். பேராயர் இருப்பார், ஆனால் தனித்து ஆள மாட்டார். ஊர்ச்சபை, வட்டாரக் குருமாரின் மாதக் கூட்டம், மறைமாவட்டப் பேரவை, அதற்கும் மேலே மாநிலப் பேரவை என்று படிப்படியாக அமைந்த சங்கங்களில், குருமாரோடு கூடி அமர்ந்தே அவர் ஒழுக்க நடவடிக்கையும் பிற ஆட்சியும் செய்வார். பண்டைய திருச்சபையின் நடைமுறையே இதுவென்று அஷ்ஷர் காட்டினார். வேரறுக்க விரும்பியவர்களுக்கு இது போதவில்லை. அப்படியே காக்க விரும்பியவர்களுக்கு இது தேவைப்படவில்லை. விண்ணப்பங்களின் சொல்லாட்சியில் நிதானம் இருந்தது. ஆனால் அந்நிதானத்திற்கு உருக்கொடுக்கும் திட்டம் எதுவும் இல்லை. இது இவற்றின் மிகப் பெரிய குறையென்று நாம் கருதுகிறோம். இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்பதற்கு மேல், அதை இவ்வாறு திருத்துங்கள் என்று அவை சொல்லியிருந்தால், அஷ்ஷரின் திட்டம் ஊராரின் ஆதரவைப் பெற்றிருக்கக்கூடும்.

பின்பு நடந்தவை நாம் அறிந்தவையே. 1642 பிப்ரவரியில் பேராயர் பிரபுக்கள் சபையிலிருந்து சட்டப்படி விலக்கப்பட்டனர். ஆகஸ்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1645இல் லாட் தலை வெட்டப்பட்டார். ஜெபப் புத்தகம் விலக்கப்பட்டது. 1646 அக்டோபரில் பேராயர் ஆட்சியே ஒழிக்கப்பட்டது. அரசர் படையில் குதிரைவீரரை நடத்திய ஆஸ்டன் அதே ஆண்டில் கைதியாக இருந்தபடியே உயிர்நீத்தார். ஆயினும் விலக்கப்பட்ட ஜெபங்கள் வீடுகளிலும் சில கோயில்களிலும் மறைவாகத் தொடர்ந்தன. 1641இன் கையொப்பங்கள் வெறும் கட்டாயத்தால் இடப்பட்டவையாயின், தண்டனைக்கு அஞ்சாத இத்தொடர்ச்சிக்குக் காரணம் கூற முடியாது. 1660இல் அரசரும் பேராயரும் திரும்பினர். ஆனால் நிதானம் திரும்பவில்லை. அஷ்ஷரின் திட்டத்தை ரிச்சர்ட் பாக்ஸ்டர் முதலியோர் மீண்டும் நீட்டியபோது அது தள்ளப்பட்டது. 1662இன் ஒருமைச் சட்டத்தோடு அக்காலத்தில் வெளியேற்றப்பட்ட குருமார் ஏறத்தாழ 2,000 பேர். பதவியைக் காத்தவர்கள் அதைச் சீர்படுத்தத் தவறியதன் விலையை அக்குடும்பங்கள் செலுத்தின.

7. நமக்கு உள்ள பங்கு

இவ்வழக்கு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பேராயர் மரபை வழிவழி ஏற்றிருந்த ஆங்கிலிக்கன் சபையாரும், அதனை ஏலாத பிரஸ்பிட்டேரிய, காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் சபையாரும் ஒரே திருச்சபையாயினர். வரலாற்றுப் பேராயர் பதவியை அமைப்புச் சட்டத்திற்கு உட்பட்ட வடிவில் ஏற்பது, ஆனால் அதைப் பற்றிய எந்தத் தனி விளக்கத்தையும் யார்மேலும் சுமத்துவதில்லை என்பது அவர்கள் கண்ட வழி. செஷயர் விண்ணப்பக்காரரின் தொன்மை வாதமும், அவர்களுடைய எதிரிகளின் சங்க ஆட்சி வாதமும், அஷ்ஷரின் சமரசமும் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்பு நம் மண்ணில் ஒரே மேசையில் அமர்ந்தன என்று சொன்னால் அது மிகையாகாது. அந்த வடிவம் நம்மிடையே எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நாமே சோதித்தறிய வேண்டும். சட்டத்திற்கு உட்பட்ட பேராயர் என்பது ஏட்டளவில் நின்றுவிட்டால், பதவி வேறு, ஆள் வேறு என்ற பழைய வாதம் நம்மிடத்திலும் தவறுகளுக்குத் திரையாகிவிடும்.

குருத்துவப் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர்க்கு இவ்விண்ணப்பங்கள் இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றன. கையொப்பம் திரட்டுதல் நமக்கும் புதிதன்று. ஒரு நாள் உங்கள் மேசைமேலும் சபை மக்களின் பெயர்கள் நிறைந்த ஒரு தாள் வைக்கப்படும். இதை எழுதியவர் யார், எழுதச் சொன்னவர் யார் என்று கேளுங்கள். அது தேவையான கேள்வி. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். செஷயரில் எழுதியவர் ஆஸ்டன். ஆனால் அடியில் குறியிட்ட உழவனுக்கு அவனுடைய சொந்த காரணம் இருந்தது. தன் ஜெபத்தைத் தன்னிடமிருந்து எடுத்துவிடாதேயுங்கள் என்பதே அவன் சொல்ல வந்தது. அதைக் கேட்கும் பொறுமை லாடுக்கும் இல்லை, அவரை வீழ்த்தியவர்களுக்கும் இல்லை. நமக்கு இருக்க வேண்டும்.